மூன்று நிமிஷம் பதினொரு வினாடிப் பாட்டு

ஹட் பேயில் கப்பல் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் முத்துமணி உட்காரத் தொடங்கி ஆறு வருஷம் ஆகியிருந்தது. அடையாள அட்டையைப் பார்ப்பாள், பெயரையும் வயதையும் எழுதிக்கொள்வாள், டிக்கெட்டை நீட்டுவாள். காற்று பலத்துக் கப்பல் ரத்தானால் அதையும் அவள்தான் சொல்ல வேண்டும். வங்காளி, தெலுங்குக்காரர், மலையாளி, ராஞ்சிக்காரர் எல்லோரும் அவளை இந்தியில் திட்டுவார்கள். அவளும் இந்தியிலேயே சமாதானம் சொல்வாள். தமிழ்க்காரர்கள் மட்டும் தமிழில் திட்டுவார்கள்.

இந்த வேலையை யாரும் செய்யலாம். ஆனால் லிட்டில் அந்தமான் தீவு முழுக்கத் தேடினாலும் முத்துமணியைப் போலப் பாட்டுக் கேட்கிற ஆள் கிடைக்காது. இது வீட்டுக்காரர்கள் பெருமைக்காகச் சொல்கிற பேச்சு இல்லை. அவளுடைய அபிப்பிராயங்களை மெயின்லேண்டில் முன்பின் தெரியாதவர்கள் காத்திருந்து படித்தார்கள்.

சினிமாப் பாட்டோடு அவளுக்கு விரோதம் கிடையாது. அப்பா கந்தன் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்தே அந்த வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சென்னையிலும் மதுரையிலும் நாலைந்து பேர் ஒன்றுகூடி, படமும் இல்லாமல் கம்பெனியும் இல்லாமல், தாங்களே எழுதித் தாங்களே பாடுகிற பாட்டுகள் மேல்தான் அவள் மனசு போனது.

“படமே இல்லாத பாட்டுக்கு யாரு ஆத்தா ஆடுவா?” என்பார் அப்பா.

“யாரும் ஆட வேணாம்ப்பா. சினிமாப் பாட்டுன்னா நடுவுல ஒரு ஹீரோ நிப்பான், நாம ஓரமா நின்னு பாக்கணும். இந்தப் பாட்டுல அந்த எடம் காலியாக் கெடக்கு. நாம போயி நின்னுக்கலாம்.”

“நின்னு?”

“நின்னுதான். சும்மா நிக்கிறது.”

“சும்மா நிக்கிறதுக்குக் கப்பல் ஜெட்டியில எடமா இல்ல?” என்று அவர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவார்.

மழையைப் பற்றி மெயின்லேண்டில் யார் பாடினாலும் முத்துமணிக்குச் சந்தேகம்தான். வருஷத்தில் எட்டு மாசம் துணி காயாத ஊர்க்காரி அவள். ‘முதல் துளி விழுந்ததும் கையை விரித்துச் சுற்றுகிறவர்களுக்கு மழை விருந்தாளி. எங்களுக்கு அது காலி செய்ய மாட்டேன் என்கிற குடித்தனக்காரர்’ என்று எழுதினாள். கடல் பாட்டுகளையும் அவள் விட்டுவைக்கவில்லை. ‘இவர்கள் எல்லோரும் கடலைக் கரையிலிருந்து பார்த்தவர்கள். ஒருவராவது பக்கெட்டில் வாந்தி எடுத்ததாகத் தெரியவில்லை.’ டிவி பாட்டுப்போட்டிகளில் பாடுகிறவர் முடிப்பதற்குள் நடுவர் அழத் தொடங்கிவிடுவது அவளுக்கு ஆகவே ஆகாது. ‘அழுகையில் எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்’ என்று ஒரே வரியில் அதை முடித்துவிட்டாள்.

இதையெல்லாம் அவள் ஃபேஸ்புக்கில் எழுதினாள். கடலடிக் கேபிள் வந்து சேராத வருஷங்கள் அவை. ஹட் பேயில் எழுத்து மட்டும் போகும், வரும். ஒரு படத்தைத் தட்டிவிட்டால் அது போய்ச் சேர்ந்ததா என்று மறுநாள் காலையில்தான் தெரியும். பாட்டை இணையத்தில் கேட்பது நடக்காத காரியம். பாட்டு அவளுக்குக் கப்பலில்தான் வந்தது.

அதற்கு வழி செய்தவன் அண்ணன் ராஜசேகர். ஹட் பேக்கும் போர்ட் பிளேருக்கும் ஓடுகிற கப்பலில் அவன் மாலுமி. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் என்றாலும் காரியத்தில் கவனமானவன். தேவையான பாட்டுகளை முத்துமணி ஒரு தாளில் வரிசையாக எழுதித் தருவாள். அவன் தாளையும் மெமரி கார்டையும் போர்ட் பிளேரில் ஃபீனிக்ஸ் பே கப்பல் ஜெட்டியிலிருந்து மேலே ஏறும் சாலையில் ஷாநவாஸ் பாயின் மொபைல் கடையில் கொடுப்பான். பாய் தன் கம்ப்யூட்டரில் பாட்டுகளை இறக்கிக் கார்டில் ஏற்றுவார். ஒருமுறை பெயர் ஒன்றும் பாட்டு வேறுமாக வந்து தங்கை முகம் வாடிப்போனது. அதிலிருந்து ராஜசேகர் ஒவ்வொரு பாட்டையும் கடையிலேயே அரை நிமிஷம் போட்டுக் கேட்டு, சரியான பாட்டுதான் என்று தெரிந்த பிறகே தாளில் சிவப்பு மையால் டிக் அடிப்பான். தேதியையும் எண்ணிக்கையையும் டைரியில் குறித்துக்கொள்வான்.

முன்பு முத்துமணியோடு சேர்ந்து கேட்க ஓர் ஆள் இருந்தாள். பக்கத்து வீட்டு ஹம்னா. அவள் வாப்பா பஜாரில் துணிக்கடை வைத்திருந்தார். ஒரே இயர்ஃபோனில் ஆளுக்கொரு காதாக இருவரும் கேட்பார்கள். முத்துமணிக்குப் பிடித்தது ஹம்னாவுக்குப் பிடிக்காது. பாட்டு நாலு நிமிஷம் ஓடும், சண்டை நாற்பது நிமிஷம் ஓடும். 2016 மார்ச்சில் அவர்கள் கடையைக் கைமாற்றிவிட்டுக் கீழக்கரைக்குப் போனார்கள். கப்பலின் மேல்தளத்தில் நின்றுகொண்டு ஹம்னா கீழே பார்த்து, “ஏய், நேத்துக் கேட்டோமே, அந்தப் பாட்டப் பத்தி நா என்ன நெனைக்கிறேன்னா” என்று கத்தினாள். அதற்குள் ஊதல் அடித்துவிட்டது. வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

அதன் பிறகு போனில் பேசினார்கள். ஹம்னாவின் கல்யாணம், மாமியார், குழந்தை, உடம்பு எல்லாம் பேசினார்கள். பாட்டைப் பற்றிப் பேச்சு வரவே இல்லை. அபிப்பிராயத்தை எழுதலாம், பத்துப் பேர் படிக்கலாம். எதிரே ஒரு முகம் சுளித்து “போடி” என்று சொன்னால்தான் அது அபிப்பிராயம் என்று முத்துமணிக்குத் தோன்றியது. பாட்டுக் கேட்கிறவர்களோடு ஒருநாளாவது நேருக்கு நேர் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

ஈரச்சுவர் என்று சென்னையில் மூன்று பேர் கொண்ட ஒரு குழு. அவர்களுடைய ‘வீடு காலி’ என்ற பாட்டு 2017 ஆகஸ்ட்டில் கப்பலில் வந்து சேர்ந்தது. காலி செய்துபோன ஒருவருடைய வீட்டைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துப் பாடுகிற பாட்டு.

ஆணி இருக்கு, காலண்டர் இல்ல
கொடி இருக்கு, துணி இல்ல
கதவத் தட்டுனா நாய்தான் வருது
சாவிய மட்டும்

அத்தோடு நின்றது. ‘சாவிய மட்டும்’ என்று குரல் எழும்பிய இடத்தில் கிட்டார், டிரம்ஸ், மூச்சு எல்லாம் ஒரே வெட்டாக அறுந்தன. மூன்று நிமிஷம் பதினொரு வினாடி. முத்துமணி கவுன்ட்டரை மூடிவிட்டு வந்து அதை மறுபடி கேட்டாள். மறுநாளும் கேட்டாள். நாலாம் நாள் எழுதினாள்.

‘எங்கள் ஊரில் கப்பல் கிளம்பும்போது யாரும் பேசி முடிப்பதில்லை. ஊதல் அடித்ததும் மிச்சப் பேச்சு தண்ணீரில் விழுந்துவிடும். பிறகு எத்தனை போன் பேசினாலும் அந்த மிச்சம் கிடைக்காது. சாவி யாரிடம் இருக்கிறது என்று சொல்ல இந்தப் பாடகர் வாயெடுக்கிறார். சொல்லவில்லை. சொல்லாமல் நிறுத்த எவ்வளவு தைரியம் வேண்டும்! ஆறுதல் சொல்லாத முதல் பாட்டு இது. இதைக் கேட்ட பிறகு மற்ற பாட்டுகள் எல்லாம் முதுகைத் தட்டிக்கொடுப்பது போல இருக்கின்றன.’

அந்தப் பதிவை முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பகிர்ந்தார்கள். ‘நீங்கள் சொன்ன இடத்தில் இனி நானும் நிறுத்திக்கொள்வேன்’ என்று ஒருவர் எழுதினார். அதைக் கேட்ட பிறகு வேறு பாட்டைப் போட மாட்டேன் என்கிறார் போலிருக்கிறது என்று முத்துமணி எடுத்துக்கொண்டாள். குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் ஸ்வேதா அவளுக்குத் தனியாகவே எழுதினாள். அப்படித் தொடங்கிய பழக்கம் ஒன்றரை வருஷம் எழுத்திலேயே ஓடியது.

2019 ஜனவரியில் ஸ்வேதாவிடமிருந்து செய்தி வந்தது. ஈரச்சுவர் போர்ட் பிளேருக்கு வருகிறது. பிப்ரவரி பதினாறு, சனிக்கிழமை மாலை ஆறு மணி. சின்ன அரங்கு, அறுபது நாற்காலி. ‘வீடு காலி பாடுறதுக்கு முன்னாடி நீங்க மேடைக்கு வந்து உங்க கட்டுரைய படிக்கணும். நாங்க மூணு பேரும் ஆசைப்படறோம்.’

முத்துமணி அதை அப்பாவிடம் படித்துக் காட்டினாள்.

“பாடுறது அவங்க. உனக்கெதுக்கு மைக்கு?” என்றார் கந்தன்.

“என் அபிப்பிராயத்தச் சொல்ல.”

“அத இங்கேருந்தே கத்துனாலும் போர்ட் பிளேருக்குக் கேக்குமே!” என்று சிரித்தாலும், பெட்டியில் வைக்கச் சொல்லிப் பிளாஸ்டிக் பையில் அவித்த வேர்க்கடலை கட்டிக் கொடுத்தது அவர்தான்.

வெள்ளிக்கிழமை அண்ணன் வேலை பார்க்கும் கப்பலிலேயே போனாள். கடல் அமைதியாக இருந்தது. மேல்தளத்தில் உட்கார்ந்து கட்டுரையை மனப்பாடமாகச் சொல்லிப் பார்த்தாள். அந்த வழியாகக் கயிற்றுச்சுருளோடு போன ராஜசேகர், “தைரியம்னு வர்ற எடத்துல கொஞ்சம் நிறுத்திப் படி” என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கு அந்தக் கட்டுரை ஏற்கெனவே மனப்பாடம்.

சனிக்கிழமை மூன்றரை மணிக்கு அண்ணனும் தங்கையும் அரங்குக்குப் போனபோது மேடையில் ஒயர்கள் சுருண்டு கிடந்தன.

“ஹட் பே வந்தாச்சு!” என்று டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து ஸ்வேதா கத்தினாள். ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார் பாடகர் சிவஞானம். நாற்பது வயதிருக்கும், நெடுநெடுவென்று ஒல்லியான ஆள்.

“எங்க மூணாவது ஆல்பத்த தகர டப்பான்னு எழுதினது நீங்கதானா?”

“டப்பான்னு எழுதலங்க. தகரக் கூரையில மழ பெஞ்ச மாதிரின்னு எழுதினேன்.”

“அது பாராட்டா?”

“அந்தச் சத்தத்துல எங்க வீட்டுல ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்குக் கேக்காது.”

“டிரம்ஸ் என்னோடது. அடி எனக்குத்தான் விழுது,” என்றாள் ஸ்வேதா.

“உங்களுக்கில்லங்க. உங்கள முன்னாடி தள்ளி வச்சுட்டு இவர் குரல் பின்னாடி ஒளிஞ்சுக்கிது. ஒளியறதுக்கு எதுக்குப் பாடணும்?”

சிவஞானம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். “இத மூஞ்சிக்கு நேரா ஒருத்தரும் சொன்னதில்ல. உக்காருங்க, உக்காருங்க.”

உட்கார்ந்தார்கள். வேர்க்கடலைப் பை நடுவில் பிரிந்தது. முக்கால் மணி நேரம் பேசினார்கள். படத்துக்குப் பாட்டெழுதக் கூப்பிட்டால் போவீர்களா என்று முத்துமணி கேட்டாள். போவேன் என்றார் அவர். போகக்கூடாது என்றாள் இவள். வயிறு இருக்கே என்றார். வயிற்றுக்குப் போங்கள், ஆனால் திரும்பி வந்து அதைத் தத்துவமாகப் பேட்டி கொடுக்காதீர்கள் என்றாள். ஸ்வேதா தொடையில் தட்டிச் சிரித்தாள். முத்துமணிக்கு முகமெல்லாம் சூடாகியிருந்தது. மூன்று வருஷமாக விரலால் மட்டும் பேசிவந்தவள், கையை ஆட்டி, குரலை உயர்த்தி, குறுக்கே விழுந்து பேசினாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ராஜசேகருக்கு அவள் சின்னப் பிள்ளையில் பேசிய மாதிரி இருந்தது.

நாலரை மணிக்கு மைக் சரிபார்க்க எழுந்தார்கள். “உங்க பாட்டையே போட்டுப் பாக்கறோம்” என்றாள் ஸ்வேதா. முதல் வரிசையில் தனியாக உட்கார்ந்து முத்துமணி கண்ணை மூடிக்கொண்டாள். ஆணி, காலண்டர், கொடி, துணி. நாய் வந்தது. ‘சாவிய மட்டும்’ என்று குரல் எழும்பியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

குரல் நிற்கவில்லை.

சாவிய மட்டும் எங்கிட்ட குடுத்தா
சாயங்காலம் வெளக்கு எரியுது பாரு

என்று பாட்டு இறங்கி ஓடியது. போனவள் திரும்பி வந்தாள். கொடியில் துணி ஏறியது. டிரம்ஸ் குதிக்கத் தொடங்கியது. இன்னும் இரண்டரை நிமிஷம் இருந்தது அந்தப் பாட்டில்.

“இது இன்னைக்குப் புதுசாச் சேத்ததா?” என்று முடிந்ததும் கேட்டாள்.

“புதுசா? மொதல்லேருந்தே இதுதாங்க,” என்றாள் ஸ்வேதா. “இத ஏத்துக்க மாட்டேன், என் பாட்டு சாவியோட முடிஞ்சு போச்சுன்னுதானே நீங்க எழுதினீங்க? அந்தத் திமிர் எங்களுக்கு அவ்ளோ பிடிச்சுது.”

முத்துமணி தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே வந்தாள். ராஜசேகர் பின்னாலேயே வந்தான்.

“அண்ணே, அந்தப் பாட்டு எப்ப வந்துச்சு?”

டைரி எப்போதும் அவன் பையில் இருக்கும். விரல் வைத்துத் தேடினான். “ஆகஸ்ட் பன்னெண்டு, சனிக்கெழம. மொத்தம் பதினாலு. இது பதினாலாவது.”

“கடைசி வரைக்கும் போட்டுக் கேட்டியா?”

“ஆரம்பம்தான் கேப்பேன். எல்லாத்துக்கும் அப்பிடித்தானே.” அவன் டைரியை மூடவில்லை. “ஷாநவாஸ் பாய் இருங்க, கடைசிப் பாட்டு இன்னும் எறங்குதுன்னாரு. கப்பல்ல மொத ஊதல் அடிச்சிருச்சு. பாடுதே பாய், குடுங்கன்னு வாங்கிட்டு ஓடியாந்துட்டேன்.”

சிவப்பு டிக்கும் அடித்திருந்தான். பாட்டு சரியான பாட்டு. ஆரம்பம் சரியாக இருந்தது. அரைகுறையாக இறங்கிய பாட்டும் அரைவரை பாடும் என்பது அவனுக்குத் தெரியாது.

“நா போயிச் சொல்லிர்றேன், மணி. தப்பு என்னோடதுன்னு.”

“என்னன்னு சொல்லுவ? எந்தங்கச்சி அரப் பாட்டக் கேட்டுட்டு முழுப் பாட்டுக்கு அபிப்பிராயம் எழுதிட்டான்னா?”

“அப்பச் சொல்லாத. நீ ஒண்ணு எழுதுன, அவங்களா ஒண்ணு புரிஞ்சுக்கிட்டாங்க. அவங்க புரிஞ்சுக்கிட்டது நல்லாத்தானே இருக்கு? அப்பிடியே படிச்சுட்டு எறங்கி வா. கௌன் பூச்தா ஹை? ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.”

ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரிந்தது. படித்தால் கைதட்டுவார்கள். அப்புறமும் எழுதுவார்கள், பேசுவார்கள். உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள். மெமரி கார்டில் பாட்டுக் கேட்கிற தீவுக்காரி என்று அன்பாகவே சொல்லி, அன்பாகவே அவர்கள் ஒதுங்கிவிடலாம். ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது அவளுக்கு இந்த மனிதர்கள் கிடைத்து.

“அவங்களுக்குப் புடிச்சது வேற ஒருத்தியண்ணே,” என்றாள். “முழுசாக் கேட்டுட்டு வேணாம்னு சொன்ன ஒருத்தி. அவ நா இல்லியே.”

ராஜசேகர் டைரியில் ஆகஸ்ட் பன்னிரண்டைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டிருந்தான்.

ஆறு மணிக்கு இருட்டிவிட்டது. அறுபது நாற்காலியும் நிரம்பி, ஓரத்தில் கல்லூரிப் பிள்ளைகள் நின்றார்கள். ஐந்தாவது பாட்டு முடிந்ததும் ஸ்வேதா மைக்கில் அவளைக் கூப்பிட்டாள். முத்துமணி கட்டுரைத் தாளோடு ஏறினாள். தாளைப் பிரிக்கவில்லை.

“நா ஹட் பே. அங்க பாட்டு மெமரி கார்டுல வரும். இந்தப் பாட்டு எனக்கு வந்தது மூணு நிமிஷம் பதினோரு வினாடி. சாவியோட அறுந்து போச்சு. அதுதான் முடிவுன்னு நெனச்சு, ஆகா என்ன தைரியம்னு ஒரு பக்கம் எழுதினேன். மிச்சத்த இன்னைக்குச் சாயங்காலம் நாலரை மணிக்குத்தான் கேட்டேன்.”

அரங்கு முழுக்கச் சிரித்தது. கல்லூரிப் பிள்ளை ஒருவன் விசில் அடித்தான். சிரிப்பு கொஞ்ச நேரம் போனது. அவள் மைக்கைப் பிடித்தபடி அது தீரட்டும் என்று நின்றாள். கவுன்ட்டரில் திட்டு வாங்கிய பழக்கம்.

“சிரிச்சாச்சா? இப்ப என் அபிப்பிராயத்தச் சொல்றேன். அந்த மிச்சம் எனக்குப் புடிக்கல.”

சத்தம் அடங்கியது.

“மொதப் பாதியில ஒருத்தர் காலி வீட்டைப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. ஆணிய எண்ணுறாரு. கொடியப் பாக்குறாரு. அவருக்கு வேற வேல ஒண்ணும் இல்ல. நெஜமாவே நிக்கிறாரு. ரெண்டாவது பாதியில வெளக்கு எரியுதுங்கிறாரு. அந்த வெளக்க அவரு பாக்கல. எரியணும்னு ஆசப்படுறாரு, டிரம்ஸு அத எரிய வச்சுருது. எங்க பக்கத்து வீட்டுல மூணு வருஷமா வேற ஆளுங்க இருக்காங்க. வெளக்கு தெனம்தான் எரியுது. அவ வந்துட்டான்னு எனக்கு ஒருநாளும் தோணுனதில்ல.”

“அவ்ளோதான்” என்று இறங்கிவிட்டாள். இரண்டு மூன்று பேர் தட்டினார்கள். ராஜசேகர் எழுந்து நின்று தட்டினான்.

சிவஞானம் மைக் அருகில் வந்தார். சிரிக்கவில்லை. “நா முழுசாத்தான் பாடப் போறேன்,” என்றார். பாடினார். சாவிக்கு அப்புறம் வரும் பகுதியை மாலையில் பாடியதைவிட அழுத்தமாக, ஏறக்குறைய முத்துமணியை முறைத்துக்கொண்டே பாடினார். டிரம்ஸ் மட்டும் கொஞ்சம் அடங்கியிருந்தது.

நிகழ்ச்சி முடிந்து வெளியே படிக்கட்டில் அண்ணனும் தங்கையும் நின்றார்கள். உள்ளே போய் விடைபெற அவளுக்குத் தைரியம் வரவில்லை. போகாமல் கிளம்பவும் மனசில்லை. வேனில் ஒவ்வொரு பெட்டியாக ஏறியது. கடைசியில் சிவஞானம் வந்தார். வந்து அவள் நின்ற படிக்கு இரண்டு படி மேலே உட்கார்ந்தார்.

“அது ஆசை இல்ல. அவ நெஜமாவே வந்தா. என் பொண்டாட்டி. ஒம்பது மாசம் கழிச்சு ஒரு செவ்வாக்கெழம வந்தா. நா என்ன பண்றது, எழுதாம விட்டுடறதா?”

முத்துமணி அப்படியே படியில் உட்கார்ந்தாள். “அந்தச் செவ்வாக்கெழம பாட்டுல இல்லியேங்க. நீங்க இப்பச் சொன்னது எனக்குத் தெரியுது. பாட்டுல வெறும் வெளக்குதான் எரியுது.”

“வெளக்கு போதாதா?”

“ஒம்பது மாசத்துக்கு அப்புறம் ஒருத்தி வந்தா மொதல்ல என்ன செய்வா? வெளக்கா போடுவா? நாயத் திட்டுவா.”

ஸ்வேதா சத்தமாகச் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். “நான் டிரம்ஸ எங்க கொறைக்கணும், அத மொதல்ல சொல்லுங்க. இவரு கதை அப்புறம்.” மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். அந்த அரங்கின் வாட்ச்மேன் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு முறை “சலோ சலோ” என்றார். யாரும் நகரவில்லை. வேன் டிரைவர் ஹாரன் அடித்தார்.

சிவஞானம் எழுந்துகொண்டே கேட்டார். “அப்ப உங்க கணக்குல போனவங்க யாரும் திரும்பி வரவே கூடாதா?”

“வரணுங்க,” என்றாள் முத்துமணி. “பாட்டுல வந்தாப் போதாது.”

அவர் கையை அவள் தலைக்கு மேலே ஆசீர்வாதம் மாதிரி ஒருமுறை ஆட்டிவிட்டு வேனில் ஏறினார். காலை விமானம் அவர்களுக்கு. சென்னைக்கு வாங்க, சண்டைய அங்க வச்சு முடிப்போம் என்று ஸ்வேதா ஜன்னலில் சொன்னாள். வர்றேன் என்றாள் முத்துமணி. மூன்று நாள் கப்பல், அதற்கு மேல் லீவு, அப்பாவை யார் பார்ப்பது என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது. வேன் வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் கிடைத்தது. இன்னும் ஒன்று வேண்டும் போலிருந்தது. அதற்கப்புறம் இன்னும் ஒன்று.

இருவரும் பஜார் வழியாக ஃபீனிக்ஸ் பே பக்கம் இறங்கி நடந்தார்கள். ராஜசேகர் கேட்டான்.

“மணி, அந்தப் பாட்டு நெஜமாவே நல்லால்லியா?”

“நல்ல பாட்டுதான்ணே. அதான் கஷ்டம்.”

சாலை சரிவில் கடல் வாசனை வந்தது. கடைகளில் ஷட்டர்கள் இறங்கிக்கொண்டிருந்தன. முத்துமணி வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டு நடந்தாள். சுருதி அங்கங்கே தப்பியது, ஒரு வரி தெரியாமல் முனகிக் கடந்தாள். தான் பாடுவது அந்த இரண்டாவது பாதி என்று பஜாரைத் தாண்டிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. நிறுத்தவில்லை.